வண்டிக் கொட்டகையில் எதை எங்கே வைப்பது?

ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள், வண்டிக் கொட்டகையில் உள்ள சாமான்கள் அனைத்தும் வெளியே வருகின்றன. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், கோடாலி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை வைத்துப் படைக்கிறார்கள். மறுநாள் அவை பழைய மூலைக்கே, பழைய குவியலாகவே திரும்பிப் போய்விடுகின்றன. சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு தை பிறக்கும் வரை அந்தக் குவியலை யாரும் கலைப்பதில்லை. எல்லாச் சாமான்களும் எப்படியும் வெளியே வந்திருக்கும் அந்த ஒரு நாளோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டால் கொட்டகையை ஒழுங்கு செய்துவிடலாம்.

நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, படூர் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய நிலங்களில் பெரும்பகுதி கட்டடங்களாகவும் கம்ப்யூட்டர் கம்பெனிகளாகவும் மாறிவிட்டது. எஞ்சிய அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் நெல், கீரை, காய்கறி செய்கிறவர்களுக்குத் தனிக் களமோ கிடங்கோ கிடையாது. மாட்டு வண்டி போய்விட்டது. அது நின்ற கொட்டகை மட்டும் நிற்கிறது. அதில் இப்போது மோட்டார் சைக்கிள். அதன் பக்கத்தில் யூரியா மூட்டை, மூட்டையின் மேல் விதைப் பை, சுவர் மாடத்தில் பாதி தீர்ந்த பூச்சி மருந்து, கீழே டீசல் கேன், மூலையில் பழைய பம்ப்செட் உதிரிகள், கூரைக் கழியில் செருகிய கதிர் அரிவாள்.

இடம் போதவில்லை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 12 அடிக்கு 18 அடி கொட்டகையில் தரை 216 சதுர அடிதான். ஆனால் ஆறடி உயரம் வரை நான்கு சுவர்களையும் கணக்கிட்டால், வாசலைக் கழித்த பிறகும் 300 சதுர அடிக்கு மேல் வருகிறது. சாமான் முழுவதும் தரையில் கிடக்க, இந்தச் சுவர் சும்மா நிற்கிறது.

சுவரே அலமாரி

செங்கல் சுவராக இருந்தால் இரண்டு அங்குல அகலமுள்ள மரச் சட்டங்கள் இரண்டை, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒன்றும் ஐந்தரை அடி உயரத்தில் ஒன்றுமாகச் சுவர் நெடுக அடிக்க வேண்டும். மண் சுவரில் ஆணி நிற்காது. அங்கே சுவரை ஒட்டி ஆறடிக்கு ஒன்றாகச் சவுக்குக் கழிகளை ஊன்றி, அவற்றின் மேல் சட்டத்தைக் கட்டிவிடலாம். ஊன்றும் பகுதிக்குத் தார் பூசினால் கரையான் சீக்கிரம் ஏறாது. சட்டத்துக்காகப் புது மரம் வாங்க வேண்டியதில்லை. வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய ஓட்டுச் சட்டமும் பனஞ்சட்டமும் இந்த வேலைக்குப் போதும். கட்டட வேலை ஓயாமல் நடக்கும் நாவலூரில் இவை கிடைப்பது கஷ்டமில்லை.

மேல் சட்டத்தில் இரண்டு விரல் இடைவெளியில் இரண்டிரண்டு ஆணிகளாக அடித்து, மண்வெட்டி, களைக்கொட்டு போன்றவற்றைத் தலை மேலாக மாட்டலாம். கடப்பாரை கனமானது, அதை மாட்டக் கூடாது. சுவரோரம் நான்கு அங்குல பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி அதற்குள் செங்குத்தாக வைக்க வேண்டும். ஒவ்வொரு கருவியையும் மாட்டிய பிறகு அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுவது நல்லது. எது வரவில்லை என்பது மாலையில் கொட்டகையைப் பூட்டும்போதே கண்ணில் படும். பக்கத்துக் கொல்லைக்குப் போன மண்வெட்டி, நடவு நாளன்று தேடப்படுவதற்குப் பதிலாக அன்றே திரும்பி வரும்.

அரிவாளைக் கூரையில் செருகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். குனிந்து நிமிர்கிறவர் தலையிலும், ஓடிவரும் பிள்ளையின் தோளிலும் அது விழலாம். கிழிந்த ஓஸ் பைப்பில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் கீறினால் அரிவாளின் வாய்க்கு உறையாகிவிடும்.

ஓஸ் பைப்பை ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிந்து வெடித்துவிடும். பழைய சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் பதித்து அதன் மேல் சுற்றி வைக்க வேண்டும். இதற்குப் பழைய டயரும் ஆகும். ஆனால் மிச்சமான டயரைக் கொட்டகைக்குப் பின்னால் எறியக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

போல்ட், நட்டு, வாஷர், ஸ்பிரேயர் நாசில் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஒரு பழைய யுக்தி உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் போன்ற திருகுமூடி பாட்டில்களின் மூடிகளை மட்டும் ஒரு பலகையின் அடிப்புறத்தில் இரண்டிரண்டு ஆணியால் அடித்துவிட வேண்டும். பிறகு பாட்டிலைக் கீழிருந்து திருகி ஏற்றினால் அது தொங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியும். ஒரு மூடிக்கு ஒரே ஆணி அடித்தால் பாட்டிலைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுற்றும். ஆகவே இரண்டு ஆணி அவசியம். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டிவிட்டால் பெரிய உதிரிகளுக்குப் பெட்டியாகும்.

கோவளத்து மணல் உதவாது

இங்கிருந்து கடல் அதிக தூரமில்லை. கோவளம், முட்டுக்காடு பக்கமிருந்து வரும் உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளும் கருவிகளும் ஒரே மூலையில் இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். ஒரு பக்கெட்டில் உலர்ந்த மணலை நிரப்பி, அது லேசாகப் பிசுபிசுக்கும் அளவுக்குப் புங்க எண்ணெயோ வேப்பெண்ணெயோ கலந்து வாசலோரம் வைக்கலாம். வேலை முடிந்து வந்ததும் மண்வெட்டியை மண் போகத் தட்டி, இந்த மணலில் நாலு முறை குத்தி எடுத்தால் துருவும் போகும், எண்ணெய்ப் பூச்சும் ஏறும். மணல் ஆற்று மணலாகவோ, கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்டாகவோ இருக்க வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை எடுத்து வந்தால் உப்பைத்தான் இரும்பில் தேய்த்ததாகும். வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது நாள்தோறும் கையில் படுவது தோலுக்கு ஆகாது. கீரைக் கொல்லை மண்ணுக்கும் ஆகாது.

மூட்டைகள்

யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது இளகத் தொடங்கிப் பிறகு பாறையாக இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோரத்தில் அது தினசரி நடப்பு. எனவே மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மேடை போட்டு அதன் மேல் அடுக்க வேண்டும். பிரித்த பையின் வாயைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கி, இன்னொரு பாலிதீன் பைக்குள் போட்டு வைத்தால் அடுத்த மேலுரத்துக்கு உதிரியாகவே இருக்கும். யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். யூரியா 2018 முதல் 45 கிலோ பையில் வருகிறது. 'அரை மூட்டை' என்றால் 25 கிலோ என்று பழைய கணக்கிலேயே போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாடு கட்டியிருக்கும் கொட்டகையானால் உர மூட்டை மாட்டுக்கு எட்டாத கோடியில் இருக்க வேண்டும். சிந்திய யூரியாவை நக்கினாலும், யூரியா கரைத்த வாளியில் வாய் வைத்தாலும், வயிற்றில் அது அம்மோனியாவாக மாறிச் சிறிது நேரத்தில் மாட்டையே கொன்றுவிடும். உரம் கரைக்கும் வாளியும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளியும் வெவ்வேறு நிறமாக இருக்கட்டும்.

மேடை எவ்வளவு உயரம் என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இரண்டு செங்கல் உயரம் ஈரத்தைத் தடுக்கும். ஆனால் அந்தச் சந்தில் எலி குடியேறும். எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் உண்டு. நாவலூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இந்த நான்கு பாம்புகளிலிருந்துதான் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுக்கிறது. ஆகவே மேடையை ஓர் அடிக்குக் குறையாமல் போட வேண்டும். துடைப்பம் உள்ளே நுழைய வேண்டும், டார்ச் அடித்தால் மறுகோடி தெரிய வேண்டும். அந்த டார்ச்சுக்கும் வாசல் நிலையில் ஓர் ஆணி வேண்டும். இருட்டில் கையைத் துழாவி எடுக்கும் பொருளாக எதுவும் கொட்டகையில் இருக்கக் கூடாது.

விதையைப் பொறுத்தவரை கொட்டகை ஏற்ற இடமே அல்ல. உரத்தின் ஈரமும் களைக்கொல்லியின் ஆவியும் முளைப்புத் திறனைக் கெடுத்துவிடும். நெல் விதையை 13 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி வீட்டுக்குள் வைப்பதே சரி.

பரண்

நாற்றுத் தட்டு, வலை, காலிச் சாக்கு, தார்ப்பாய், சொட்டு நீர்க் குழாய் முதலிய கனமற்ற, எப்போதாவது வேண்டிய பொருள்களுக்குப் பரண் போதும். மூன்று அங்குலக் கனமுள்ள சவுக்குக் கழிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, குறுக்கே மூங்கில் பிளாச்சு கட்டலாம். தாங்கும் கால்களில் தகரத்தைக் கவிழ்த்த புனல் போலச் சுற்றிவிட்டால் எலி ஏறுவது குறையும். எந்திர உதிரிகளைப் பரணில் ஏற்றக் கூடாது. இறக்கும்போது ஒருவர் ஏணியிலும் ஒருவர் கீழேயும் நிற்க வேண்டிய கனமுள்ள பொருள் தரையோரம் இருப்பதே மேல்.

'மருந்து' என்ற பெயர்

கிராமத்தில் இதை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பெயராலேயே அது மாடத்தில் தைல பாட்டிலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. கொட்டகையில் மற்ற எது இடம் மாறி இருந்தாலும் பண நஷ்டத்தோடு போகும். இது இடம் மாறினால் அப்படிப் போகாது.

1958 இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாவில் யாரும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. கப்பலில் இரண்டையும் ஒரே இடத்தில் ஏற்றி வந்ததுதான் காரணம். நாட்டில் 1968 இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு அந்தச் சம்பவமே தொடக்கம். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கேனில் எண்ணெயை ஊற்றி வைத்ததே காரணம் என்று கருதப்பட்டது. ஒரு கப்பலிலும் ஒரு கிராமத்துப் பள்ளியிலும் நடந்த அதே கலப்பு, மாடத்தில் விஷமும் மேடையில் சாப்பாட்டு அரிசியும் இருக்கும் கொட்டகையிலும் நடக்கலாம்.

எனவே விஷத்துக்கு ஒரு தனிப் பெட்டி. பழைய இரும்பு டிரங்குப் பெட்டியோ, பலகையில் அடித்த இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பெட்டியோ போதும். காற்றுப் போக இரு பக்கமும் துளையிட்டுக் கம்பி வலை அடிக்க வேண்டும். உள்ளே தகரம் பதித்து, ஒரு பழைய தட்டில் ஓர் அங்குலம் மரத்தூளோ மணலோ பரப்பி அதில் புட்டிகளை நிறுத்தினால் ஒழுகினாலும் பரவாது. திரவங்கள் கீழே, தூள்கள் மேலே என்பது மாறாத விதி. பெட்டியின் அடி தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கட்டும். குழந்தைகளுக்காக மட்டும் அல்ல, வெள்ளத்துக்காகவும் இந்த உயரம் வேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற அளவு பல சுவர்களில் கறையாக இருந்தது. வெள்ளையடித்தபோது அது மறைந்திருந்தால், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். விஷம், உரம், மோட்டார் ஸ்டார்ட்டர் மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். மூட்டை மேடை அவ்வளவு உயரம் வர முடியாது. புயல் எச்சரிக்கை கேட்டதும் உர மூட்டையை எந்த இடத்துக்கு ஏற்றுவது என்பதை இப்போதே தீர்மானித்து வைக்கலாம்.

பெட்டிக்குள் வைக்கும் முன் ஒவ்வொரு புட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். லேபிளில் உள்ள முக்கோண நிறம் விஷத்தின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கு அடுத்தது, பின்பு நீலம், கடைசியில் பச்சை. லேபிள் உரிந்து பெயர் தெரியாத புட்டியைப் பயன்படுத்தவே கூடாது. மூலைகளில் தடை செய்யப்பட்ட சரக்கும் கிடைக்கும். எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிருக்கு அடிப்பது 2005 முதலே தடை. அதன் 36 சதவீதக் கரைசலையே விலக்கும் ஆணை 2023 இல் வந்தது. இவற்றையும் காலாவதியான மற்றவற்றையும் கிணற்றோரம் புதைப்பதும், ஏரிக் கால்வாயில் கொட்டுவதும், எரிப்பதும் கூடாது. மூடியை இறுக்கித் தனியே வைத்துவிட்டு, திருப்போரூர் வட்டார வேளாண்மை அலுவலரிடமோ வாங்கிய கடையிலோ விசாரிக்க வேண்டும். எலிக்கும் வண்டுக்கும் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கொட்டகையில் இருக்கவே கூடாது. ஈரக் காற்று பட்டாலே கொடிய வாயு கிளம்பும். அதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்பது அரசு விதி.

தீர்ந்த புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி எதற்கும் உதவாதபடி அடியில் துளையிட்டுவிட வேண்டும். பெரிய புட்டியிலிருந்து கொஞ்சம் தா என்று பக்கத்து வீட்டார் சோடா பாட்டிலோடு வந்தால் கொடுக்கக் கூடாது. ஆபத்து பெரும்பாலும் இந்தச் சோடா பாட்டிலில்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

களைக்கொல்லிக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஒரே ஸ்பிரேயரைப் பயன்படுத்துகிறவர்கள் அவற்றைப் பிரித்துவிடுவது நலம். 2,4-டி மிச்சம் சிறிதளவு இருந்தாலும் வெண்டையும் கத்தரியும் முறுக்கிக்கொள்ளும். ஒன்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து எதிர்ச் சுவரில், மூடி திறந்த நிலையில், தலைகீழாகத் தொங்கவிடலாம்.

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது என்றுதான் சொல்ல வேண்டும். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்து ஆராய்ந்தார்கள். 2017 இல் வெளியான முடிவின்படி, பெட்டி கொடுத்த ஊர்களில் மனமுடைந்து விஷம் அருந்தியவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. பெட்டி வீட்டில், சாவியும் வீட்டில். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் வேறு முறை சோதிக்கப்பட்டது. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டிகள். இது நல்ல பலன் தந்ததாக 2013 இல் தெரிவித்தார்கள். நாவலூர்ப் பக்கம் பத்து விவசாயிகள் சேர்ந்தால் இப்படி ஒன்றை அமைப்பது பெரிய காரியம் இல்லை. அதுவரை, இந்த முறை தெளிப்புக்கு எத்தனை மில்லி வேண்டுமோ அந்த அளவுப் புட்டியை மட்டும் வாங்கி அன்றே தீர்த்துவிட வேண்டும். ஒரு லிட்டர் வாங்கினால் மலிவு என்று கடைக்காரர் சொல்வது கணக்கில் சரிதான். ஆனால் மிச்சம் முக்கால் லிட்டர் ஆறு மாதம் கொட்டகையில் காத்திருக்கிறதே. வீட்டில் யாராவது மனக்கஷ்டத்தில் இருக்கும் நாட்களில் பெட்டியையே உறவினர் கொட்டகைக்கு மாற்றிவிடுவது உத்தமம். அப்படிப்பட்டவர்கள் 104 என்ற எண்ணில் பேசலாம். தவறி விஷம் உட்கொண்டுவிட்டால் 108 ஐ அழைத்து, புட்டியையும் கூடவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். லேபிளைப் பார்த்தால்தான் டாக்டருக்கு எந்த விஷம் என்று தெரியும்.

டீசல் கேனும் ஸ்டார்ட்டரும்

பெட்ரோல், டீசல் கேன்கள் உரத்தோடும் சாக்கோடும் இருக்கக் கூடாது. வாசலுக்கு எதிர்க் கோடியில் வைத்தால் தீப்பிடிக்கும்போது வெளியே ஓட வழி இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளியே, நிழலான தாழ்வாரத்தில் கூண்டு கட்டி வைப்பது அதைவிடப் பத்திரம். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் மூன்றடி தரை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஈரக் காலோடு சாமான்களைத் தாண்டி எட்டிக் கையை நீட்டித்தான் சுவிட்சைப் போட முடியும் என்ற நிலை பல கொட்டகைகளில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மேல் துண்டைத் தொங்கவிடும் பழக்கமும் வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இந்தப் போகத்தில் கைபட்டவை ஒன்று, ஆண்டுக்கு ஒரு முறை வேண்டியவை ஒன்று, மூன்று வருடமாகத் தொடாதவை ஒன்று. மூன்றாவது குவியலில் உள்ள இரும்பைக் காயலான் கடைக்குப் போட்டால் சட்டம், ஆணி, பூட்டு வாங்கும் பணத்தில் ஒரு பகுதி வந்துவிடும். வீட்டுப் பெரியவர் 'இருக்கட்டும், என்றைக்காவது உதவும்' என்று அதிலிருந்து நாலைந்தை மீட்டுக்கொள்வார். அவற்றுக்கும் பரணில் ஓரமாக இடம் ஒதுக்கிவிடலாம். இரண்டாம் நாள் சட்டம் அடித்து, மேடை போட்டு, முதலில் விஷப் பெட்டியை மாட்டிப் பூட்டிய பிறகே மற்றவற்றை உள்ளே கொண்டுவர வேண்டும். சாவியைப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட வேண்டாம்.